கோலார் தங்கவயலில் ஒரு பகல்: முதன்முறை செல்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தங்கவயலுக்குக் கிளம்பும் பலரும் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்றே அது மூடப்பட்டுவிட்டது. பார்க்க வேண்டியதெல்லாம் தரைக்கு மேலே இருக்கிறது: சுரங்கத்துக்காக எழுந்த ஊரும், அதைத் தோண்டியவர்களின் பிள்ளைகளும்.

1. ரயிலில் போங்கள்

பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை; அங்கிருந்து மாரிகுப்பம் போகும் கிளைப்பாதை. வழியில் வரும் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் எல்லாம் பழைய சுரங்கங்களின் பெயர்கள். திரும்பும் ரயில் நேரத்தையும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

2. ஷாஃப்ட் கோபுரங்கள்

ஷாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி. அதன் மேலே, உச்சியில் பெரிய சக்கரங்களோடு நிற்கும் இரும்புக் கோபுரங்களைத் தேடுங்கள். அந்தச் சக்கரங்களில் ஓடிய கம்பிவடங்கள்தான் கூண்டில் ஆட்களை இறக்கின, கல்லை ஏற்றின. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் இங்கே கால் வைத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் போகப்போக 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இந்தச் சுரங்கங்களுக்காகத்தான் 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1965இல் அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்து இருட்டில் அறிவியலாளர்கள் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைப் பிடித்தார்கள். மேலே இருக்கும் பாறை மற்றக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள்.

3. லைன்களில் நடந்து பாருங்கள்

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் முதலில் மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள். பிறகு வந்தவைதான் வரிசை வரிசையான லைன் வீடுகள். அதிகாரிகளின் பங்களாக்களைப் பார்த்துவிட்டு உடனே இங்கே வாருங்கள். தங்கம் யாருக்குப் போனது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே தமிழ் போதும். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெரியவர்களிடம் “ஐயா, எந்த ஷாஃப்ட்ல வேலை பாத்தீங்க?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

4. சயனைடு மேடுகள்

கல்லைப் பொடியாக்கி, சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் இந்த வெளிறிய குன்றுகள். ஏறாதீர்கள். காற்று வீசினால் அந்தத் தூள் ஊருக்குள் பறக்கும். சிறுவர்களோடு போனால் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்புங்கள்.

5. மாலை ரயில்

பெங்களூருக்கு வேலைக்குப் போன தங்கவயல்காரர்கள் வீடு திரும்பும் நேரம். நீங்கள் எதிர்த்திசை, உட்கார இடம் கிடைக்கும்.