பாட்டி சொன்னதை அப்படியே சொல்லுங்கள்

போன வருஷம் பாட்டியை அரசாங்க கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்கிறார். டாக்டர் மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "எல்லாம் சலிச்சுப்போச்சுய்யா" என்றார் பாட்டி. நான் "பெனாட்" என்று சொல்லிவிட்டேன். உடம்பு அசதி என்று நினைத்த டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். பாட்டிக்குச் சலித்தது வாழ்க்கை. தப்பு என்னுடையதுதான்.

இளைஞர்களே, முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. கால் வலி, வயிற்றுக் கோளாறு, மறதி என்று வேறு வேஷத்தில் வரும். நாமும் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம்.

இதைக் கண்டுபிடிக்க 1982-இல் அமெரிக்காவில் யெசவேஜ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் முதியோருக்கென்றே 30 கேள்விகள் தயாரித்தார்கள். 1986-இல் அது 15 ஆகச் சுருங்கியது. ஆம், இல்லை என்றால் போதும். கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த 15-இல் தூக்கம், பசி, வலி பற்றி ஒரு கேள்வியும் இல்லை! வயதான உடம்பில் அவை எப்படியும் இருக்குமே. பிடித்த வேலைகளை விட்டுவிட்டாரா, வாழ்வு வெறுமையாகத் தெரிகிறதா என்றுதான் கேட்கும். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். நோய் உறுதி என்று அல்ல.

மறதி என்றால், எப்போதிருந்து என்பது முக்கியம். மனச்சோர்வு வாரக்கணக்கில் தெரியவரும். முதுமை மறதிநோய் மாதம், வருஷம் என்று மெல்ல வளரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் குழம்பினால் அது கிருமித்தொற்றாகவோ புது மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நாமே பதில் சொல்லக் கூடாது. "ஓகேலா டாக்டர்" என்று மழுப்பவும் கூடாது. "உயிரோட இருந்து என்ன பண்ண?" என்று பாட்டி சொன்னால் அதையும் அப்படியே சொல்லுங்கள். சாவைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேட்டுப்பார்ப்பது இன்னும் நல்லது. பேரப்பிள்ளை முன்னால் சொல்லக் கூசும் விஷயங்கள் உண்டு. அவசரத்துக்கு, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.

இரண்டாவது முறை போனபோது நான் வெளியே உட்கார்ந்தேன். தமிழ்த் தாதி ஒருவர் கேட்டார். பாட்டி அரை மணி நேரம் பேசினாராம். தாத்தா இறந்த பிறகு அவ்வளவு நேரம் அவர் வீட்டில் பேசியதே இல்லை.