கிளட்ச், கியர்ப் பெட்டி ஆகியவற்றின் பழுதை அறியும் முறை

சேலம், நாமக்கல் சமவெளிகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளைச் சேர்வதும், கோழிப் பண்ணைகளின் முட்டை வெளியூர்ச் சந்தைகளை அடைவதும் மோட்டார் வண்டிகளாலேயே நடைபெறுகின்றன. கடன் பெற்று ஒரே ஒரு லாரி வாங்கி, அதனைக் கொண்டே ஜீவனம் செய்வோர் இப்பகுதியில் பலர். அவர்களுக்கு வண்டி பட்டறையில் நிற்கும் நாள், வரும்படி நின்று தவணை மட்டும் நில்லாத நாளாகும்.

"கியர் விழவில்லை" என்றவுடன் கியர்ப் பெட்டியை இறக்கிப் பிரித்துவிடுவது பல இடங்களில் காணப்படும் வழக்கம். பெடலைச் சரி செய்திருந்தாலே போதுமானது என்பது சில சமயம் பிரித்த பின்னரே தெரிய வருகிறது. எனவே பிரிப்பதற்கு முன், பழுது கிளட்ச்சில் உள்ளதா, பெட்டியில் உள்ளதா என்று அறிய வேண்டும். இதற்குரிய பரீட்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுதம் எதுவும் வேண்டுவதில்லை.

1. அமைப்பு

நுகத்தில் மாட்டைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும் போன்றது கிளட்ச்சின் வேலை. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இதற்கு உண்டாகும் முக்கியமான கேடுகள் இரண்டு: பிடிக்க வேண்டிய போது பிடியாமை, விட வேண்டிய போது விடாமை.

2. பிடியாமல் நழுவுதல்

மேட்டில் ஏறும்போது எஞ்சின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருப்பதும், கருகல் வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள்.

பரீட்சை: சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மேல் கியரைப் போட்டுப் பெடலை நிதானமாக விடுக. எஞ்சின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது; நில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் நழுவுகிறது. இப்பரீட்சையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகிவிடும்.

பெடலில் இருக்க வேண்டிய தளர்வு இல்லாமை, பிளேட்டின் தேய்வு, அதன்மீது எண்ணெய் கசிதல், ஸ்பிரிங்கின் பலக்குறைவு ஆகியவை இதற்குக் காரணங்கள். பெடலின்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும், மேட்டில் அரைக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கமும் பிளேட்டை விரைவில் தேய்த்துவிடும்.

3. விடாமல் பற்றிக்கொள்ளுதல்

எஞ்சின் நின்றிருக்கும்போது கியர்கள் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால் குற்றம் பெரும்பாலும் கிளட்ச்சினுடையதே. பெடலை முழுதும் மிதித்துச் சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுக. அப்போதும் பற்கள் கரகரத்தால் பிளேட் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் பெடலின் தளர்வு மிகுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கேபிள் உள்ள வண்டியில் அது நீண்டிருக்கலாம். திரவத்தால் இயங்கும் வண்டியில் திரவம் குறைந்தோ, குழாயில் காற்று புகுந்தோ இருக்கலாம். இவை செலவு குறைந்த வேலைகள். இவை சரியாக இருந்தால் மட்டுமே, பிளேட் கோணியிருக்குமோ என்று ஐயுற வேண்டும். தளர்வின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும்; சில வண்டிகள் தாமே சரி செய்துகொள்ளும் அமைப்புடையவை. ஆகையால் அவ்வவ் வண்டியின் கையேட்டைப் பின்பற்றுக.

4. சப்தத்தைக் கொண்டு அறிதல்

எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

(அ) பெடலை லேசாகத் தொட்டவுடன் சப்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம்.
(ஆ) கால் எடுத்திருக்கையில் சப்தம் இருந்து, முழுதும் மிதித்தவுடன் அடங்கினால் கியர்ப் பெட்டிக்குள் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.
(இ) முழுதும் மிதித்த நிலையில் மட்டும் கேட்டால் பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங்கையும் கவனிக்க வேண்டும்.

5. கியர்ப் பெட்டியின் குற்றங்கள்

எல்லாக் கியர்களும் முரண்டினால் கிளட்ச்சைப் பார். ஒரே ஒரு கியர் மட்டும் முரண்டினால் பெட்டியைப் பார். இவ்விதியை ஓட்டுநர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு, 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் புகுத்தப்பட்டது. இது தேய்ந்தால் அந்தந்தக் கியர் மட்டும் கரகரக்கும்.

எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். வடித்த எண்ணெயில் பித்தளை நிறத் துகள் மின்னினால் சிங்க்ரோமெஷ் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். இரும்புச் சில்லுகள் கிடைத்தால், பற்களோ பேரிங்கோ உடைகின்றன என்று கருதி வண்டியை ஓட்டாது நிறுத்திவிட வேண்டும்.

6. உயிருக்கு ஆபத்தான பழுது

போட்ட கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுவது எல்லாவற்றிலும் கொடியது. சமவெளியில் இது தொல்லை மட்டுமே. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலும், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயிலும் இதுவே மரணத்துக்கு ஏதுவாகலாம். கீழ்க் கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கியர் நழுவினால் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கிறது. டீசலை மிச்சப்படுத்த வேண்டி நியூட்ரலில் இறங்குவோர் இவ்வாபத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். மிச்சமாவது சில படி டீசல். பணயம் வைப்பது உயிர். கியர் நழுவும் வண்டியை, பழுது தீரும்வரை மலையேற்றலாகாது.

7. அங்கத்தினர் செய்யத் தக்கவை

சங்கத்தின் வண்டிக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, பழுது எந்தக் கியரில், ஏறும்போதா இறங்கும்போதா, சூடேறிய பின்னரா என்பவற்றை ஓட்டுநர் எழுதி வருமாறு ஏற்பாடு செய்க. பட்டறைக்கு அனுப்பும்போது "கியர் சரியில்லை" என்று மட்டும் கூறாது, மேற்கண்ட பரீட்சைகளின் முடிவையும் தெரிவிக்க வேண்டும். கியர்ப் பெட்டியை இறக்க நேர்ந்தால் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்த்துக்கொள்வது நலம். ஒன்றுக்காக இறக்கியதை மற்றொன்றுக்காக மறுமாதம் இறக்கினால் கூலி இரட்டிப்பாகும். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க அங்கத்தினர் தயங்க வேண்டியதில்லை. பணம் சங்கத்தினுடையது, அது செலவான காரணத்தை அறிவது அங்கத்தினரின் உரிமை.