கறுப்பு பீரின் தரம் அறிவது எப்படி?

கேள்வி: லண்டன் மதுச்சாலைகளில் கிடைக்கும், சிறு பீர் ஆலைகளின் கறுப்பு பீரைச் சுவைத்துத் தரம் காண்பது எவ்வாறு?

பதில்: 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரத்துச் சுமைகூலிகள் விரும்பிப் பருகிய போர்ட்டர் என்னும் கறுப்பு பீரும், அதன் வழிவந்த ஸ்டௌட்டும் கறுத்திருப்பதற்குக் காரணம் நன்கு வறுக்கப்பட்ட தானியமேயன்றி மதுசாரத்தின் மிகுதியன்று; டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஸ்டௌட்டில் மதுசாரம் சுமார் 4.2 சதவிகிதந்தான். ஆகவே நிறத்தைக் கண்டு மயங்காமல், கண்ணாடிக் குவளையை விளக்கொளிக்கு நேரே உயர்த்தி, விளிம்பில் மாணிக்கச் சிவப்பு தெரிகிறதா, இளம்பழுப்பு நுரை நிலைத்து நின்று, பருகப் பருக வளையம் வளையமாகப் படிகிறதா என்று முதலில் கவனியுங்கள். குளிர் மிகுந்தால் வாசனை அடங்கிவிடுமாதலால், உஷ்ணம் 10 முதல் 13 டிகிரியை எட்டும்வரை பொறுத்திருந்து முகர்ந்தால், வறுத்த காப்பிக்கொட்டையும் சாக்லேட்டும் கலந்த பரிமளம் எழும்; அதற்குப் பதிலாக வினிகரின் நெடியோ, நனைந்த அட்டையின் வாடையோ வீசுமாயின், அது பழுதுற்ற பானமென்று தயங்காமல் சொல்லலாம்.

பின்னர் ஒரு வாய் பருகி, நாவில் சற்று நிறுத்துங்கள். முளைகட்டிய தானியமான மால்ட்டின் தித்திப்பும் வறுவலின் கசப்பும் ஒன்றையொன்று அமுக்காமல் சமரசமாக நின்று, விழுங்கிய பின்னும் அக்கசப்பு சாம்பல்போல் உறுத்தாமல் மெல்லத் தேய்ந்து மறையுமானால், அதுவே உத்தமமான பீர். இப்பரீட்சைக்கு அரைப் பைன்ட் போதும்; அளவு மிஞ்சினால் நா நிதானத்தை இழந்துவிடும்.