கைபேசி இணையம்: முன்பணமா, மாதப் பில்லா?

கிராமக் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் புதிய இனம் ஒன்று இடம் பெற்றுவிட்டது. அரிசி, பருப்பு, எண்ணெய், பள்ளிச் செலவு, விதை, உரம் ஆகியவற்றோடு கைபேசி இணையத்திற்கான கட்டணமும் இன்று தவறாமல் எடுத்து வைக்க வேண்டிய தொகையாகிவிட்டது. மற்ற செலவுகளை அளந்தும் நிறுத்தும் பார்த்துச் செய்கின்ற நம் மக்கள், இந்த ஒரு செலவை மட்டும் கணக்கிடாமலே செய்து வருகின்றனர். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணுக்குத் தெரியாத டேட்டாவையும் அளந்தே வாங்க வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அக்காலத்தில் கைபேசி செல்வர்களின் சாதனமாகவே இருந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற்குப் பிறகு நிறுவனங்களிடையே ஏற்பட்ட போட்டியினால் இணையத்தின் விலை பெரிதும் குறைந்து, அது குக்கிராமங்களையும் எட்டியது. இன்று அது பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளரின் வருகையைக் கைபேசிச் செயலி வழியே பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்குவதற்காக 2019-இல் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்திலும் ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கொண்டு பயனாளி தம்மை உறுதி செய்யும் முறை ஏற்பட்டது. எனவே கைபேசி இணைப்பு அறுந்தால் கூலியும் உதவித் தொகையும் தடைப்பட நேரும் நிலை உருவாகியுள்ளது.

இருவகை முறைகள்

கைபேசி இணையத்தை இருவகையில் பெறலாம். முதலாவது, பணத்தை முன்னதாகச் செலுத்திவிட்டுப் பின்னர் பயன்படுத்தும் ப்ரீபெய்டு முறை. இரண்டாவது, மாதம் முழுதும் பயன்படுத்திவிட்டு, பில் வந்த பின் பணம் செலுத்தும் போஸ்ட்பெய்டு முறை. முன்னது மளிகைக் கடையில் ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்குவதை ஒத்தது. பின்னது பற்று வைத்து மாத முடிவில் தீர்ப்பதை ஒத்தது. இந்தியக் கைபேசி வாடிக்கையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் ப்ரீபெய்டு முறையையே கைக்கொண்டுள்ளனர். அதனாலேயே அஃது எல்லோருக்கும் ஏற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது.

கணக்கிடும் முறை

விலைகள் அடிக்கடி மாறும் இயல்புடையவை. ஆகவே கீழே தரப்பட்டுள்ள விலைகளை நாம் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே எடுத்துக்கொண்டோம். வாசகர்கள் தத்தம் நிறுவனத்தின் விலைகளை அவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

ஒரு ப்ரீபெய்டு திட்டம் 28 நாட்களுக்கு 300 ரூபாய் எனக் கொள்வோம். பலர் இதனை ஒரு மாதச் செலவென எண்ணி, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை, அதாவது 3,600 ரூபாய் என்று கணக்கிடுகின்றனர். 28 நாள் என்பது மாதமன்று. ஆண்டு முழுவதும் இணைப்பு இருக்க வேண்டுமாயின் 13 முறை ரீசார்ஜ் செய்தாக வேண்டும். ஆகவே ஆண்டுச் செலவு 3,900 ரூபாய். இந்த மறைமுகமான பதின்மூன்றாவது மாதத்தைப் பற்றி எழுந்த முறையீடுகளின் பயனாக, 30 நாட்கள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது.

அதே நிறுவனத்தின் 84 நாள் திட்டம் 850 ரூபாய் எனின், நான்கு முறைக்கு 3,400 ரூபாயில் 336 நாட்கள் கிடைக்கும். எஞ்சிய 28 நாட்களுக்கு 300 ரூபாய் சேர்த்தால் 3,700 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 200 ரூபாய் மிச்சம். அறுவடைப் பணம் கைக்கு வரும்பொழுது நீண்ட காலத் திட்டத்தை எடுத்துக்கொள்வது உழவருக்கு அனுகூலமாகும்.

இனி போஸ்ட்பெய்டு முறையைப் பார்ப்போம். விளம்பரத்தில் காணும் மாதக் கட்டணம் 400 ரூபாய் எனக் கொள்வோம். ப்ரீபெய்டு விலையில் சரக்கு சேவை வரி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டு கட்டணத்திலோ வரி தனியே சேர்க்கப்படும். 18 விழுக்காடு வரி 72 ரூபாய் சேர்ந்து பில் 472 ரூபாயாக வரும். பன்னிரண்டு மாதத்திற்கு 5,664 ரூபாய். முன் சொன்ன 28 நாள் திட்டத்தைவிட இது 1,764 ரூபாய் கூடுதலாகும். விளம்பரத் தொகைகளை நேருக்கு நேர் ஒப்பிடுவோர் ஏமாறுவது இங்கேதான்.

கிடைக்கும் அளவும் பயன்படும் அளவும்

விலையை மட்டும் நோக்கினால் போதாது. ப்ரீபெய்டு திட்டங்களில் பெரும்பாலானவை நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. அல்லது 2 ஜி.பி. என்று அளவிட்டுத் தருகின்றன. அன்றைய அளவில் மீதி இருந்தால் நள்ளிரவில் அது கழிந்துவிடும். அளவு தீர்ந்தால் வேகம் மிகவும் குறைந்துவிடும். போஸ்ட்பெய்டு திட்டங்களில் மாதம் முழுவதற்கும் மொத்தமாக ஓர் அளவு தரப்படுகிறது. அதனை எந்த நாளிலும் பயன்படுத்தலாம். பல திட்டங்களில் மிஞ்சியதை அடுத்த மாதத்திற்கும் எடுத்துச் செல்லலாம்.

முன்னது நாள்தோறும் முறை வைத்து வரும் வாய்க்கால் நீரைப் போன்றது. பின்னது கிணற்று நீரைப் போன்றது. நாள்தோறும் சீராகப் பயன்படுத்துவோருக்கு வாய்க்கால் போதும். சில நாட்கள் ஒன்றுமின்றியும் சில நாட்கள் மிகுதியாகவும் பயன்படுத்துவோருக்கே கிணறு வேண்டும்.

நாள் ஒன்றுக்கு அரை ஜி.பி. மட்டும் பயன்படுத்தும் ஒருவர் 1.5 ஜி.பி. திட்டத்தை எடுத்தால், 28 நாளில் கிடைக்கும் 42 ஜி.பி.யில் 14 ஜி.பி.யையே செலவிடுகிறார். ஒரு ஜி.பி.யின் விலை ஏட்டில் ஏறத்தாழ 7 ரூபாய். அவருக்கோ உண்மையில் 21 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆகவே திட்டத்தைத் தேர்வதற்கு முன் கைபேசியின் அமைப்புப் பகுதியில் டேட்டா எவ்வளவு செலவாகியுள்ளது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் படக்காட்சி காண ஒரு ஜி.பி. வரையிலும், உயர்ந்த தெளிவில் மூன்று ஜி.பி. வரையிலும் செலவாகலாம். தெளிவைக் குறைத்து வைத்தாலே சிறிய திட்டம் போதுமானதாகிவிடுவது உண்டு.

அளவு தீர்ந்த நாட்களில் கூடுதல் டேட்டாவைத் தனியே வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. ஒருமுறைக்கு 20 ரூபாய் எனக் கொண்டால், 28 நாளில் ஆறு முறை வாங்கினாலும் ப்ரீபெய்டு முறையே மலிவு. ஏழு முறை வாங்கும்படி நேர்ந்தால் ஆண்டுச் செலவு 5,720 ரூபாயாகி, நாம் மேலே கண்ட போஸ்ட்பெய்டு செலவைக் கடந்துவிடும். இவ்வெல்லையை ஒவ்வொருவரும் தமக்குரிய விலைகளைக் கொண்டு கண்டறிந்துகொள்ளலாம்.

குடும்பத்திற்கு ஒரு திட்டமா?

நான்கு இணைப்புகளுக்குச் சேர்த்து ஒரே பில் அளிக்கும் குடும்பத் திட்டங்கள் போஸ்ட்பெய்டு முறையில் உள்ளன. அத்தகைய திட்டம் வரி நீங்கலாக 1,000 ரூபாய் எனின், வரியுடன் மாதம் 1,180 ரூபாய். ஆண்டுக்கு 14,160 ரூபாய். நால்வரும் தனித்தனியே 3,900 ரூபாய் செலவிட்டால் 15,600 ரூபாய். எனவே நால்வரும் இணையத்தை நன்கு பயன்படுத்தும் வீட்டில் குடும்பத் திட்டத்தால் 1,440 ரூபாய் மிச்சமாகும்.

ஆனால் நம் கிராமத்து வீடுகளில் பேசுவதற்கு மட்டுமே கைபேசி வைத்திருக்கும் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்தே நெடுங்காலம் பணம் கட்டி வந்தனர். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் அளிக்க வேண்டும் என்றும், சிறப்புத் திட்டங்களின் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. அத்தகைய திட்டம் ஆண்டுக்கு 1,900 ரூபாய் எனக் கொண்டால், இருவருக்கு இணையத் திட்டமும் முதியோர் இருவருக்குப் பேச்சுத் திட்டமுமாகச் சேர்த்து 11,600 ரூபாயே ஆகும். குடும்பத் திட்டத்தைவிட இது 2,560 ரூபாய் குறைவு. ஆகவே வீட்டுக்கு ஒரு திட்டம் என்று பாராமல், ஆளுக்கு ஆள் தேவையைப் பார்த்தல் வேண்டும்.

வசதியும் இடையூறும்

ப்ரீபெய்டு முறையில் எதிர்பாராத பில்லுக்கு இடமில்லை. கைபேசி களவு போனாலும் நட்டம் முன்னர் செலுத்திய தொகையோடு நிற்கும். நாட்கூலி பெறுவோரும் பருவத்துக்குப் பருவம் வருவாய் காண்போரும் கையில் பணம் உள்ளபோது செலுத்தலாம். ஆனால் நாள் முடிந்தவுடன் இணைப்பு நின்றுவிடும் என்பதே இதிலுள்ள பெரும் இடையூறு.

போஸ்ட்பெய்டு முறையில் வேலையின் நடுவே இணைப்பு அறுவதில்லை. கெடு தேதி தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. தொடர்ந்து கட்டாவிடில் இணைப்பும் நிறுத்தப்படும். மாதச் சம்பளம் பெறுவோருக்கு இம்முறை ஒத்து வரும். ஊராட்சி அலுவலகம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றுக்கு மற்றுமொரு நன்மை உண்டு. அமைப்பின் பெயரில் மாதந்தோறும் வரும் பில் தணிக்கையின்போது செலவுச் சீட்டாகப் பயன்படும். ஊழியர் தம் சொந்தக் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, அதில் எவ்வளவு அலுவலகத்திற்குரியது என்று பின்னர் வாதிட வேண்டிய நிலை வராது.

எண்ணைக் காப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது

செலவைக் குறைக்கும் எண்ணத்துடன் சிலர் மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாது விட்டுவிடுகின்றனர். வேறு நிறுவனத்தின் சிம் மலிவாகக் கிடைத்ததென்று பழையதை எறிந்துவிடுவோரும் உளர். பின்னர் வங்கியிலும் இ-சேவை மையத்திலும் ஓ.டி.பி. வராமல் அவர்கள் அலைவதை நாம் அடிக்கடி காண்கிறோம். ஆதாரில் எண்ணை மாற்றுவதற்கு ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குச் செல்லும் முதியோருக்கு, மிச்சம் பிடித்த தொகையைவிட இழப்பே மிகுதி. நிறுத்தப்பட்ட எண் 90 நாட்கள் கழிந்த பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அப்பொழுது நம் வங்கிச் செய்தி பிறர் கைபேசிக்குச் செல்லும்.

இதற்குப் பாதுகாப்பும் உண்டு. ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருக்குமாயின், பயன்படுத்தவில்லை என்ற காரணத்திற்காக மட்டும் எண்ணை நிறுத்தலாகாது என்பது 2013 முதல் உள்ள விதியாகும். நிறுவனம் பிடிக்கவில்லையாயின் எண்ணை விடாமலே நிறுவனத்தை மாற்றலாம். இவ்வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 'போர்ட்' என்ற சொல்லையும் தம் எண்ணையும் ஆங்கில எழுத்தில் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் முதலில் கெடு கடந்த பில்லைத் தீர்த்திருத்தல் அவசியம். ஒரே நிறுவனத்தில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் 2021 செப்டம்பர் முதல் ஓ.டி.பி. வழியே எளிதாக்கப்பட்டுள்ளது.

யாருக்கு எது?

மேலே கண்டவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. வருவாய் ஒழுங்காக வராதவர்களுக்கும், நாள்தோறும் சிறிதளவே பயன்படுத்துவோருக்கும் ப்ரீபெய்டு ஏற்றது. இயன்றபொழுது நீண்ட காலத் திட்டமாக எடுத்தல் நன்று.

2. பேச மட்டும் பயன்படுத்துவோர் பேச்சுத் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் தாமே அதனை எடுத்துச் சொல்லாமல் இருக்கலாம்.

3. மாதச் சம்பளம் உடையவர்கள், சில நாட்களில் மட்டும் மிகுதியாகப் பயன்படுத்துவோர், பலர் இணையம் நாடும் குடும்பத்தினர், கணக்கு காட்ட வேண்டிய அமைப்புகள் ஆகியோர் போஸ்ட்பெய்டு முறையை ஆராயலாம்.

4. எம்முறையாயினும், தம் வீட்டிலும் வயலிலும் சிக்னல் கிடைக்கின்றதா என்று சிறிய ப்ரீபெய்டு திட்டம் ஒன்றால் சோதித்த பின்னரே நீண்ட ஏற்பாட்டில் இறங்க வேண்டும். மலையடிவாரக் குடியிருப்புகளில் இது மிகவும் அவசியம்.

எந்தத் திட்டத்தின் விலையையும் ஆண்டுக் கணக்கில், வரி சேர்த்து, உண்மையில் பயன்படுத்தும் அளவைக் கொண்டு ஒப்பிடுவோர் ஏமாறுவதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு அறிந்த எவரும் இதனைச் செய்யலாம். மகளிர் குழுக்கள் தம் கூட்டத்தில் ஒருமுறை இதற்கென அரைமணி நேரம் ஒதுக்கி, உறுப்பினர் ஒவ்வொருவரின் ரீசார்ஜ் செலவையும் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பார்களாயின், வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை மிச்சமாகும் வழிகள் சில இடங்களில் தென்படக்கூடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இக்கணக்கைத் தம் வீட்டு முதியோருக்குப் போட்டுக் காட்டுதல் நல்ல தொண்டாகும். மிச்சமாகும் பணம் குழுவின் சேமிப்பில் சேரட்டும். வங்கியிலும் ஆதாரிலும் பதிந்துள்ள எண் மட்டும் எக்காரணம் கொண்டும் அறுந்துவிடாது காக்கப்படட்டும்.