டேட்டா அக்விசிஷன் கார்டைக் கேலிபரேட் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருச்சி அருகே சமயபுரம் மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடைக்காரர் வைத்திருக்கும் மின்னணுத் தராசுக்கு, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். அதே ஊர்ப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில், வோல்டேஜை அளந்து கணினிக்கு எண்ணாகத் தரும் டேட்டா அக்விசிஷன் கார்டை அப்படி யாரும் வந்து சோதிப்பதில்லை. ஆனால் பிழை இரண்டுக்கும் ஒன்றுதான். தட்டு காலியாக இருக்கும்போதே 5 கிராம் காட்டினால் அது ஆஃப்செட். எடை ஏற ஏறப் பிழையும் ஏறினால் அது கெயின் பிழை. இரண்டையும் கண்டறிந்து சரிசெய்வதே கேலிபரேஷன்.

தேவையானவை

* நல்ல மல்டிமீட்டர்: பிளஸ், மைனஸ் 10 வோல்ட் வரை அளக்கும் 16 பிட் கார்டு, சுமார் 0.3 மில்லிவோல்ட் வித்தியாசத்தையும் காட்டும். கையடக்கமான மூன்றரை இலக்க மீட்டரோ 20 வோல்ட் ரேஞ்சில் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டாது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ள ஆறரை இலக்க மீட்டர் வேண்டும். கார்டைவிட அது நான்கு மடங்காவது துல்லியமாக இருப்பது நல்லது.
* அசையாத வோல்டேஜ் சோர்ஸ்: மதிப்பு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, அதை மீட்டர் சொல்லிவிடும். நிலையாக நின்றால் போதும்.

படி 1: சூடேற விடுங்கள்

கார்டையும் மீட்டரையும் 30 நிமிடம் ஆன் செய்து வையுங்கள். திருச்சி வெயிலில் காலையும் மதியமும் ஒன்றல்ல. ஏசி அறையில் ஒரே வெப்பநிலையில் எல்லாப் படிகளையும் முடியுங்கள்.

படி 2: ஜீரோ பாருங்கள்

இன்புட்டின் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஷார்ட் செய்து கார்டின் கிரவுண்டோடு இணையுங்கள். சும்மா திறந்து விட்டால் கண்ட எண்ணையும் காட்டும். ஒரு விநாடி முழுக்கச் சாம்பிள் எடுத்துச் சராசரி காணுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் அதில் அடங்கிவிடும்.

படி 3: மேல்முனையைப் பாருங்கள்

இப்போது 9 வோல்ட் கொடுத்து, மீட்டர் காட்டுவதையும் கார்டு காட்டுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 கொடுத்தால் கார்டு எல்லையில் முட்டி நின்றுவிடலாம்.

படி 4: கணக்கு

ஜீரோவில் 0.012, 9.000 வோல்ட்டில் 9.048 காட்டுகிறது என்று வையுங்கள்.

* ஆஃப்செட் = 0.012
* கெயின் = (9.048 − 0.012) ÷ 9.000 = 1.004
* சரியான மதிப்பு = (காட்டும் மதிப்பு − 0.012) ÷ 1.004

ஒவ்வொரு ரேஞ்சுக்கும் இந்த ஜோடி எண்கள் தனித்தனி. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

படி 5: புதிய புள்ளியில் சோதியுங்கள்

கணக்குக்குப் பயன்படுத்தாத 5 வோல்ட்டையும் மைனஸ் 9 வோல்ட்டையும் கொடுத்துப் பாருங்கள். 5.032 காட்டினால் கணக்கு 5.000 தரும், சரி. ஒத்துவராவிட்டால் மேலும் ஒரு திருத்தம் போடாதீர்கள். வயரிங்கைப் பாருங்கள்.

படி 6: அவுட்புட்

கார்டுக்கு 0, 9 என்று கட்டளை கொடுத்து, வெளிவருவதை மீட்டரில் அளந்து பாருங்கள். −0.005, 8.977 வந்தால் கெயின் 0.998. இங்கே கணக்கு இன்புட்டைப் போலத்தான், ஆனால் கட்டளை கொடுக்கும் முன்பே போட வேண்டும். 5 வோல்ட் வேண்டுமென்றால் (5 + 0.005) ÷ 0.998, அதாவது 5.015 என்று கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* செல்ஃப் கேலிபரேஷன்: சில கார்டுகள் உள்ளிருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜை வைத்துத் தாமே திருத்திக்கொள்ளும். அந்த ரெஃபரன்ஸும் நாளடைவில் நகரும் என்பதால் வெளிச்சோதனை அவசியம்.
* 4–20 மில்லிஆம்ப்: திருவெறும்பூர் வட்டாரத்து பாய்லர் தொழிலில் சென்சார்கள் பெரும்பாலும் கரண்டாகத்தான் அளவை அனுப்பும். 250 ஓம் ரெசிஸ்டர் அதை 1–5 வோல்ட்டாக மாற்றும். ரெசிஸ்டர் 1 சதவீதம் பிசகினால் வோல்டேஜும் 1 சதவீதம் பிசகும். ரெசிஸ்டரையும் அளந்து குறியுங்கள்.
* பதிவேடு: தேதி, அறை வெப்பநிலை, மீட்டரின் சான்றிதழ் எண் ஆகியவற்றோடு, திருத்துவதற்கு முன் கார்டு காட்டிய மதிப்புகளையும் எழுதுங்கள். கடந்த மாதங்களில் எடுத்த அளவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதை அவைதான் சொல்லும்.