கணினியின் காணாத் தொண்டர்

கல்லூரி விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் காலத்து அதிபரையும் ஆசிரியரையும் பெயர் சொல்லி நினைவுகூருவர். ஆயின், வைகறையிற் கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் நிறைத்தவர் யார், பரீட்சைக்கு முதல்நாள் மண்டபத்தில் மேசைகளை வரிசைப்படுத்தியவர் யார், நேரந் தவறாது மணியடித்தவர் யார் என வினவின், சிறிது பொழுது தலையைச் சொறிந்தே விடை கூறுவர். அவர் ஒருநாள் வாராதொழியின் கல்லூரி முழுவதும் தடுமாறும். கணினியினுள்ளும் இத்தகைய பணியாளர் உளர். திரையிலே தோன்றாது, நாம் ஏவாது, கணினி விழித்திருக்கும் நேரமெல்லாம் உழைக்கும் அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

மலர்க் குழுவினர் என்னிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்தனர். பயிற்றப்பட்ட தமிழாசிரியனாகிய யான் இத்துறையிற் கால்வைத்தது ஒரு தவற்றின் வழியாக. அத்தவறு யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். செய்நிரல் வேறு, செயன்முறை வேறு. தேவாரப் பதிகம் ஒன்று ஏட்டில் எழுதப்பட்டுக் கிடக்கும்வரை அஃது ஓசையின்றிக் கிடக்கும். ஓதுவார் அதனை எடுத்துப் பண்ணோடு பாடத் தொடங்கியதும், இத்தனை பாடல் முடிந்தன, இப்பொழுது இந்த அடியில் நிற்கின்றார் என்று சொல்லத்தக்க ஒரு நிலை உண்டாகின்றது. கணினியின் வட்டிற் கிடக்கும் கட்டளைத் தொகுதி செய்நிரல். அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு, இன்ன கட்டளைவரை நிறைவேறியது என்ற குறிப்போடு இயங்கும்போது செயன்முறை. ஒரே பதிகத்தை ஒரே மாலையிற் பத்துக் கோயில்களிற் பத்து ஓதுவார் பாடலாம். அவ்வாறே ஒரே செய்நிரலிலிருந்து பல செயன்முறைகள் ஒரே காலத்தில் இயங்கலாம். இதனை மறவாது வைத்துக்கொள்ளுதல் நன்று. என் தவறு இதனை அறியாமையால் நேர்ந்தது.

செயன்முறைகளோ நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றை நிறைவேற்றும் செயலி முற்காலக் கணினிகளில் ஒன்றே. இக்காலத்துச் செயலியினுள் நான்கு, எட்டு எனப் பல கூறுகள் இருப்பினும், நூற்றுக்கு அவை எம்மட்டு? ஆசிரியர் பற்றாக்குறையுள்ள சிற்றூர்ப் பாடசாலையில் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகளை ஒருங்கே கற்பித்தவர்க்கு இதன் விடை தெரியும். ஒரு வகுப்பிற்குக் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதிக்கொடுத்துவிட்டு, மறு வகுப்பிற்குச் சொல்வதெழுதல் நடத்தி, மூன்றாவதன் வாசிப்பைக் கேட்டு மீள்வார். எவ்விடத்தில் விட்டோம் என்ற குறிப்பு மட்டும் அவர் கையில் இருத்தல் வேண்டும். செயலியும் ஒவ்வொரு செயன்முறைக்கும் சில மில்லிசெக்கன் அளவான நேரத்தையே ஈந்து, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குத் திரும்புகின்றது. யாருக்கு முதல் முறை என்பதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமை. விண்டோசிலே இதற்கென 0 முதல் 31 வரை முன்னுரிமை எண்கள் உள. மாற்றம் அத்துணை விரைவில் நிகழ்வதால், எல்லாம் ஒரே கணத்தில் நடப்பனவாக நமக்குத் தோன்றுகின்றன.

பின்னணியில் உழைக்கும் செயன்முறைகளுக்கு மேனாட்டார் இட்ட பெயர் சுவையானது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1963ஆம் ஆண்டளவில், ஐ.பி.எம். 7094 என்னும் பெருங்கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர் குழுவினரும் வளர்த்து வந்தனர். அங்கு, யாரும் ஏவாமலே கோப்புகளைக் காந்த நாடாவிற் படியெடுத்து வைக்கும் செய்நிரல் ஒன்றிற்கு அவர்கள் 'டீமன்' என்று பெயரிட்டனர். பௌதிக அறிஞர் மக்ஸ்வெல், வேகமான மூலக்கூறுகளையும் மெதுவானவற்றையும் ஓயாது பிரித்து நிற்கும் கற்பனைக் காவலன் ஒருவனை 1867இல் ஒரு கடிதத்தில் விவரித்தார். அவனுக்கு அப்பெயரைச் சூட்டியவர் கெல்வின் பிரபு எனப் பின்னாளிற் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன். அவனே கணினியாளரின் பெயருக்கு மூலம். கிரேக்க மொழியில் 'டைமோன்' என்பது பேய் அன்று. தேவர்க்கும் மனிதர்க்கும் இடைப்பட்டதோர் ஆவி. தமிழிற் பெயர்ப்பதாயின் யான் பூதம் என்பேன். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் நின்று காவல் புரிந்த சதுக்கப் பூதத்தை அறிந்த நமக்கு இச்சொல் அந்நியமன்று. 'பின்னணி' என்று இப்பொழுது வழங்குவது எனக்கு அத்துணை உவப்பில்லை. அதைக் கேட்டதும் திரைப்படப் பாடகரே நினைவிற்கு வருகின்றார். ஆயினும் வழக்கு வென்றுவிட்டது.

பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் முறைமை இப்பூதங்களைப் பெருக்கிற்று. லினக்ஸ் உள்ளிட்ட அதன் வழித்தோன்றல்களிலும் முதலாம் இலக்கம் பெறும் செயன்முறையே ஏனையவற்றிற்கு மூதாதை. அது மடியின், உட்கரு திகைத்துக் கணினி முழுவதும் நின்றுவிடும்.

நம்மவர் பெரிதும் பயன்படுத்தும் விண்டோசிலும் இத்தகைய கொடிவழி உண்டு. இன்றைய விண்டோஸ், 1993இல் வெளிவந்த என்.ரி. என்னும் பதிப்பின் வழிவந்தது. உட்கரு எழுந்ததும் அது தோற்றுவிக்கும் முதற் பிள்ளை எஸ்.எம்.எஸ்.எஸ். என்னும் அமர்வு முகாமையாளர். அது சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ்., வின்-இனிற், வின்-லொகொன் ஆகியவற்றை எழுப்புகின்றது. வின்-இனிற் எழுப்புவனவற்றுள் முதன்மையானவை இரண்டு: கடவுச்சொல்லைச் சரிபார்த்து உள்ளே விடும் வாயிற்காவலனாகிய எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ்., சேவைகள் அனைத்தையும் தொடக்கி மேற்பார்க்கும் சேர்விசஸ். இந்தச் சேர்விசஸ் தன் கீழ்ப் பல சேவைகளை நடத்தும்பொருட்டு எஸ்.வி.சி.-ஹோஸ்ற் என்னும் செய்நிரலை மீண்டும் மீண்டும் இயக்குகின்றது. ஹோஸ்ற் என்பதை இல்லத்தலைவன் எனலாம். வலையமைப்பு, ஒலி, நாட்காட்டி, இற்றைப்படுத்தல் முதலிய விருந்தினர் அவ்வில்லங்களில் தங்குவர். முன்னாளில் ஓரில்லத்திற் பலர் தங்கினர். 2017இல் விண்டோஸ் 10இன் பதிப்பொன்று, போதிய நினைவகமுள்ள கணினிகளிற் பெரும்பாலான சேவைகளைத் தனித்தனி இல்லங்களிற் குடியேற்றிற்று. ஆதலின் இன்று அப்பெயர் ஐம்பது அறுபது வரிகளிற் காணப்படினும் அஞ்சவேண்டுவதில்லை.

இனி என் தவற்றைக் கூறுவேன். 2007ஆம் ஆண்டு மூன்றாந் தவணை இறுதி. அப்போது யான் கற்பித்த பாடசாலையின் ஆசிரியர் அறையில் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் கணினி ஒன்று இருந்தது. இரு வகுப்புகளின் மதிப்பெண்களை முற்பகல் முழுவதும் அதிலே தட்டெழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறையேனும் கோப்பைச் சேமித்தேனில்லை. நண்பகலளவிற் கணினி மந்தமாயிற்று. இளைய ஆசிரியர் ஒருவர் முன்னொருநாள் காட்டித்தந்தபடி மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி, செயன்முறைகளின் பட்டியலைக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன்.

பட்டியலில் முதலிற் கண்ணிற் பட்டது 'சிஸ்ரம் ஐடில்' என்பது. செயலியின் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. மந்தத்திற்குக் காரணம் இவனே என்று துணிந்து நிறுத்த முயன்றேன். கணினி மறுத்துவிட்டது. மறுத்தது நியாயமே. செயலிக்கு வேறு வேலை இல்லாத நேரத்தைக் கணக்கிற் காட்டுதற்கு வைத்த பூச்சிய இலக்கச் செயன்முறை அது. அதன் எண் உயர்ந்திருப்பின் செயலி ஓய்ந்திருக்கின்றது என்பதே பொருள். சும்மா இருப்பவனை வேலையைத் தின்பவன் என்று பிடித்த கதையாயிற்று. மந்தத்திற்குக் காரணம் செயலியன்று. போதாத நினைவகமாகவோ, தேய்ந்த வட்டாகவோ இருந்திருக்கும்.

அடுத்து, எஸ்.வி.சி.-ஹோஸ்ற் என்ற பெயர் ஐந்தாறு வரிகளில் நின்றது. வைரசு பெருகும் என்று கேள்வியுற்றிருந்தேன். ஒரு பெயர் பல முறை வருமாயின் அஃது வைரசே என முடிவுகட்டி, அவற்றுள் ஒன்றைத் தெரிந்து நிறுத்தினேன். உடனே ஒரு சிறு சாளரம் தோன்றி, முக்கிய சேவையொன்று எதிர்பாராது முடிவுற்றதென்றும் 60 செக்கனிற் கணினி தன்னை நிறுத்திக்கொள்ளும் என்றும் கூறி, எண்ணை ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்கிற்று. அவ்வறுபது செக்கனிற் கோப்பைச் சேமித்திருக்கலாம். யானோ கணினி ஆசிரியரை அழைத்துவர அடுத்த கட்டடத்திற்கு ஓடினேன். இருவரும் மூச்சிரைக்க வந்தபோது திரை கறுத்திருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண்கள் போயின. விடைத்தாள்களை மீண்டும் அடுக்கி இரவிரவாக எழுதினேன். தேர்ச்சி அறிக்கை ஒருநாள் பிந்தியமைக்கு அன்றைய அதிபரிடம் மின்தடை என்று காரணம் கூறினேன். பதினேழு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இம்மலரை அவர் படிப்பாராயின் மன்னிப்பார் என நம்புகின்றேன்.

நான் நிறுத்தியது தொலைநடைமுறை அழைப்பு என்னும் சேவையைத் தாங்கிய இல்லம் என்பதைப் பின்னரே அறிந்தேன். செயன்முறைகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய வழி அது. அவ்வழி அடைபட்டால் முறைமை தன்னைத் தானே நம்பாது. ஆதலின் மீளத் தொடங்குவதே பாதுகாப்பு எனத் துணிகின்றது. சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ். போன்ற வேறு சில வீழின், அறுபது செக்கனும் கிடையா, நீலத்திரையே தோன்றும். இன்றியமையாச் செயன்முறை என்பதன் இலக்கணம் இதுவே: தன் வேலையின் பெருமையாலன்று, தன்னைச் சார்ந்து நிற்பன எவை என்பதனால் அஃது இன்றியமையாததாகின்றது.

கணினி ஆசிரியர் அச்சாளரத்தைப் பற்றிக் கேட்டதும் முதலில் ஐயுற்றது வேறொன்றை. அதற்கும் காரணம் உண்டு. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் உலகெங்கும் பரவிய பிளாஸ்ரர் என்னும் கணினிப் புழு அதே சேவையின் குறையொன்றைப் பற்றிக்கொண்டு நுழைந்தது. அது தீண்டிய கணினிகள் பலவற்றில் அதே அறுபது செக்கன் எண்ணிக்கை தோன்றியது. 2004இல் வந்த சாசர் என்னும் புழு வாயிற்காவலனாகிய எல்.எஸ்.ஏ.எஸ்.எஸ். வழியே புகுந்தது. பின்னணிப் பணியாளர் உயர்ந்த அதிகாரத்தோடு எந்நேரமும் விழித்திருப்பதால், பகைவரும் அவரையே நாடுகின்றனர். பணிசெயல் முறைமைக்கு வரும் திருத்தங்களை நாட்கணக்காகத் தள்ளிவைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே பெயரை மட்டும் நம்பலாகாது. இன்றியமையாதவற்றின் பெயரைப் பூண்டு வரும் போலிகளும் உள. இவ்விடத்தில் எம் தொழில் கைகொடுக்கின்றது. பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருத்திப் பழகிய கண்ணுக்கு, எஸ்-வி-சி என நிற்கவேண்டிய எழுத்துகள் எஸ்-சி-வி என மாறி நிற்பது தப்பாது. பல தீநிரல்கள் அவ்வாறே பெயர் பூண்டு வந்தன. பெயர் சரியாக இருப்பின், அடுத்து அதன் உறைவிடத்தைப் பார்க்கவேண்டும். பட்டியலில் அவ்வரியின்மீது வலப்பொத்தானை அழுத்தின், கோப்பின் இருப்பிடத்தைத் திறக்கும் வசதி தோன்றும். உண்மையான எஸ்.வி.சி.-ஹோஸ்ற் விண்டோஸ் உறையினுள் சிஸ்ரம்32 என்னும் உட்பிரிவில் உறைவது. 64-பிற் கணினியில் அதன் இணையொன்று சிஸ்வவ்64 என்னும் பிரிவிலும் உண்டு. பதிவிறக்கக் கோப்புகளிடையேயோ தற்காலிக உறையிலோ அப்பெயர் காணப்படின் ஐயமின்றி விசாரிக்கவேண்டியதே. தோற்றுவித்த தந்தை யார் என்பது மூன்றாவது வினா. முறையான குடும்பத்தில் அது சேர்விசஸ்.

எவற்றை நிறுத்தலாம் என்று கேட்பின், நாமே திறந்தவற்றை நிறுத்தலாம். செயலற்று உறைந்த உலாவியை நிறுத்துவதில் தீங்கில்லை. சேமியாத எழுத்து மட்டும் போகும். விண்டோஸ் 8 முதல் அப்பட்டியலே செயலிகள், பின்னணிச் செயன்முறைகள், விண்டோஸ் செயன்முறைகள் என மூவகையாகப் பிரித்துக் காட்டுகின்றது. மூன்றாம் வகையைத் தொடாதிருத்தல் நலம். நடுவிலுள்ள வகையில் மென்பொருள் விற்போர் நம்மைக் கேளாது குடியேற்றியவை பலவுண்டு. அவற்றை நாள்தோறும் கொல்வது வீண்முயற்சி. மறுநாட் காலை எழுந்துவிடும். தொடக்கத்தில் எழுவன எவை என்ற பட்டியலிற் சென்று தடுப்பதே வழி.

அறிந்து நிறுத்தத்தக்க ஒரு சேவையையும் சொல்லிவிடுகின்றேன். பாடசாலை அலுவலகங்களில் இது வாரந்தோறும் பயன்படும். அச்சிடும் கட்டளைகளை வரிசையில் ஏற்று அச்சுப்பொறிக்கு ஒவ்வொன்றாக அனுப்புவது பிரின்ற் ஸ்பூலர் என்னும் பின்னணிச் சேவை. ஒரு பழுதான கோப்பு வரிசையின் தலையிற் சிக்கிக்கொண்டால், பின்னால் நிற்பவை எல்லாம் நின்றுவிடும். அச்சுப்பொறியை எத்தனை முறை அணைத்து ஏற்றினும் பயனில்லை. சேவைகளின் பட்டியலைத் திறந்து ஸ்பூலரை நிறுத்துக. சிஸ்ரம்32 உறையில் ஸ்பூல் என்பதனுள் பிரின்ரர்ஸ் என்ற உட்பிரிவில் கிடக்கும் கோப்புகளை அழிக்க, அப்பிரிவை அழித்துவிடவேண்டாம். பின்னர்ச் சேவையை மீளத் தொடக்குக. அச்சுப்பொறி உயிர்பெறும். வரிசையில் நின்றவர்கள் மட்டும் தத்தம் கோப்புகளை மீண்டும் அனுப்பவேண்டியிருக்கும்.