ஈரத்துணியும் கார்புரேட்டரும்: பழைய கார் திணறும்போது

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், ஐயம்பேட்டை பக்கம், முகூர்த்த நாட்களில் மாலை போட்ட பழைய அம்பாசடரோ பத்மினியோ இன்னும் கண்ணில் படும். மாப்பிள்ளை அழைப்பு என்றால் வண்டி நாதஸ்வரக்காரரின் நடைக்குத்தான் நகர வேண்டும். பாதித் தெருவில் என்ஜின் திணறும், மிஸ் அடிக்கும், சோக்கை இழுத்தால் நாலடி போகும், மறுபடி நிற்கும். உடனே சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பாதி சரி. மீதி பாதி பர்ஸைக் காலி செய்பவை. டீசல் அம்பாசடரின் கதை வேறு. இங்கே பெட்ரோல் வண்டிகளை மட்டும் பார்ப்போம்.

‘பம்ப் மேல ஈரத்துணி போடு, சரியாயிடும்’

எல்லா நம்பிக்கைகளிலும் இதற்குத்தான் ஆயுள் அதிகம், ஏனென்றால் இதில் பாதி உண்மை. பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. அம்பாசடரின் 1489 சிசி என்ஜினில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கம். ஃபேனைச் சுற்றுவது என்ஜின்தான். ஊர்வல வேகத்தில் என்ஜினே மெதுவாக ஓடும்போது ஃபேனிலிருந்து என்ன காற்று வரும்? கத்திரி வெயிலில் பானட்டுக்குள் சூடு ஏறி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியைத்தான் தள்ளுகிறது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போவதில்லை. ஷெட்டில் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள். ஈரத்துணி பம்பைக் குளிர வைக்கும், வண்டி கிளம்பும்.

ஆனால் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் பாகம் பம்ப் மட்டுமல்ல. இக்னிஷன் காயிலும் அப்படித்தான், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டன்சரும் அப்படித்தான். துணி தேடி, தண்ணீர் வாங்கி, நனைத்துப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காயிலும் ஆறிவிடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பெயர் துணிக்குப் போகிறது. கெட்டுப்போன காயில் அடுத்த கல்யாணத்துக்கும் அதே வண்டியில் வருகிறது.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்தில், துணி போடுவதற்கு முன்பே பார்ப்பது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை மாட்டி, உறை போட்ட குறடால் பிடித்து என்ஜின் இரும்பில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் கரண்ட் பக்கம் பெரும்பாலும் பழுதில்லை, பெட்ரோலைத் தேடலாம். மங்கலான மஞ்சள் பொறியோ, பொறியே இல்லையோ என்றால் துணியை மடித்து வையுங்கள். பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தால் போதும். விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். இரண்டு சோதனையையும் சேர்த்துச் செய்யக் கூடாது. சிந்திய பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘பிக்கப் இல்லையா? கார்புரேட்டர்தான்’

செலவு அதிகம் வைக்கும் நம்பிக்கை இது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, பில் போடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி பார்ப்பது அஞ்சு நிமிட வேலை, அதற்கு யாரும் பெரிதாகக் காசு தர மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அதை யாரும் முதலில் பார்ப்பதில்லை.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது நடுவில் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் சின்ன ஃபைபர் குதிகால் ஓட ஓடத் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைகிறது, பொறி தாமதமாக விழுகிறது. வண்டி ஓடும், ஆனால் மேடு ஏறாது, சூடாகும், பெட்ரோல் குடிக்கும். பார்ப்பவருக்குக் கார்புரேட்டர் பழுது போலவே தெரியும். பாயிண்ட் முகம் கருகி மேடு பள்ளமாக இருந்தால் உப்புத்தாளில் தேய்ப்பதோடு நிறுத்தாமல் கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள்.

பிளக்குகள் சொல்வதையும் கேட்க வேண்டும். நான்கும் கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: சோக் முழுதாகத் திரும்பவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. (ஊர்வலத்தில் ஊர்ந்து வந்த வண்டியின் பிளக் எப்படியும் கொஞ்சம் கறுக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.) ஒன்று மட்டும் கறுப்பென்றால் குற்றம் அந்த சிலிண்டருடையது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து சோர்ந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கம்ப்ரஷன் பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள்.

கார்புரேட்டரே குற்றவாளியாகும் காலமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஊர்வல வண்டிகள் உறை போட்டு நிற்கும். நிற்கிற பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்திலோ தை முதல் முகூர்த்தத்திலோ திணறும் வண்டிக்குக் கார்புரேட்டர் கழுவச் சொன்னால் அதை நானே வழிமொழிவேன்.

‘பங்க்கில் கலப்படம்’

கலப்படமும் நடக்கிறது, சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்பது உங்கள் உரிமை. ஒரு துளி விட்டால் கறை வைக்காமல் காய வேண்டும். ஆனால் இப்போது பெட்ரோலிலேயே எத்தனால் இருக்கிறது. 2025இல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, ஆகவே அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அளவெடுத்த ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் ஊறி உப்பும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்க்கில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கலாம், பெட்ரோல் குழாய் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் அடுக்கு தெரியும்.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இழுவை வருமா? வராது. ஆக்டேன் என்பது ‘நாக்’ அடிக்காமல் தாங்கும் திறன். குறைந்த கம்ப்ரஷன் உள்ள அம்பாசடருக்கு அது தேவையில்லாத செலவு. 2000 பிப்ரவரியில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியதால் பலம் போனது என்பதும் வெறும் நம்பிக்கைதான். ஈயம் இல்லாமல் வால்வ் சீட் மெல்ல மெல்லத் தேயலாம், டேப்பட் இடைவெளி குறையும். அதைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

‘சோக்கை இழுத்தால் ஓடுது, அப்படியே போகலாம்’

சோக்கில் ஓடுகிறது என்றால் கலவை மெலிந்திருக்கிறது என்று வண்டியே சொல்கிறது: கார்புரேட்டர் அடியில் ஏர் இழுக்கலாம், ஜெட் அடைத்திருக்கலாம், பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சோக்கிலேயே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலக்கும்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துக் கிளம்பும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

ஷெட்டுக்குப் போனால் ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பாயிண்ட், காயில், கார்புரேட்டர் கிட் எல்லாம் ஒரே நாளில் மாறினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது. கழற்றிய பழைய கண்டன்சரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். புதிதாக மாட்டியதே பழுதாக இருப்பது இப்போது சகஜம்.